ஒரே விலை, ஒரே தாள்: டொயோட்டாவின் சயான் பதின்மூன்று ஆண்டுகளில் பிடித்ததும் விட்டதும்

கோவையில் ஒரு கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும், ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. கையில் ஒரு நோட்டு. எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், டவுன் பேமெண்ட், மாதத் தவணை என்று எல்லாவற்றையும் அவளே கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தாள். நான் கொட்டேஷன் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, விரலால் வரி வரியாக இறங்கி வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"அண்ணா, இந்த ஹேண்ட்லிங் சார்ஜ் எதுக்கு?"

வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன்.

"சரி, இந்த ஆக்சஸரீஸ் கிட்? நான் கேட்கவே இல்லையே."

"மேனேஜர்கிட்ட பேசிக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்மா" என்றேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேரத்துக்குத் தயாரானார். அவள் தயாராகவில்லை. "குறைக்க முடியும்னா முதல்ல ஏன் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். இரண்டு வாரம் கழித்து நான் போன் செய்தபோது, தெரிந்தவர் மூலமாகப் பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

இளைஞர்களை எப்படி இழுப்பது என்று எங்களுக்கு அடிக்கடி பயிற்சி வகுப்பு நடக்கும். நிறம், பெரிய திரை, சன்ரூஃப், சமூக வலைத்தளம் என்று பேச்சு போகும். அந்தப் பெண் கேட்ட கேள்வி எந்த வகுப்பிலும் வந்ததில்லை. அதை யாராவது எங்காவது நேராக எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடியபோதுதான் சயானைப் படிக்க ஆரம்பித்தேன். டொயோட்டா அமெரிக்காவில் இளைஞர்களுக்காகவே 2003ல் தொடங்கி, 2016ல் மூடிய கார் பிராண்டு அது. தோற்றுப்போன பிராண்டு என்று எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை.

டொயோட்டாவுக்கு எதற்கு இந்தக் கவலை

1990களின் கடைசியில் அமெரிக்காவில் டொயோட்டாவுக்கு எந்தக் குறையும் இல்லை. 1997ல் கேம்ரி அந்த நாட்டிலேயே அதிகம் விற்ற பயணிகள் கார் ஆனது. ஆனால் அந்த கேம்ரியை வாங்கியவர்கள் நடுவயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு டொயோட்டா என்றால் அப்பாவின் கார். 1980க்குப் பிறகு பிறந்த தலைமுறை, 6 கோடிக்கும் மேற்பட்ட பேர், அப்போதுதான் லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முதல் கார் எந்தக் கம்பெனியின் கார் என்பதுதான் அடுத்த மூன்று கார்களையும் தீர்மானிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் நம்பும் கணக்கு.

முதல் முயற்சிக்கு ஜெனிசிஸ் திட்டம் என்று பெயர். எக்கோ, செலிகா, எம்ஆர்2 ஸ்பைடர் என மூன்று கார்களை எடுத்து, டொயோட்டா பெயரிலேயே இளைஞர்களுக்கென்று விளம்பரம் செய்தார்கள். எக்கோவை வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் சிக்கனமான, உயரமான சின்னக் காரைத் தேடிய வயதானவர்கள். திட்டம் 2001ல் கைவிடப்பட்டது. விளம்பரத்தை மட்டும் மாற்றினால் போதாது, பெயர், கார், விற்கும் முறை மூன்றையும் மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2002 மார்ச்சில் நியூயார்க் கார் கண்காட்சியில் சயான் என்ற பெயரோடு இரண்டு மாதிரி வண்டிகள் மேடை ஏறின.

சயான் என்றால் வாரிசு. தோட்டக்கலையில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியின் மேல் வைத்துக் கட்டுகிற இளங்குச்சி. இந்த பிராண்டுக்கு இரண்டாவது பொருள்தான் அதிகம் பொருந்துகிறது. சயானுக்கென்று தனி ஷோரூம் கிடையாது. டொயோட்டா விற்பனையகத்துக்குள்ளேயே ஒரு மூலை ஒதுக்கி அங்கே விற்றார்கள். தொழிற்சாலை, என்ஜின், சர்வீஸ் எல்லாம் தாய்மரத்திலிருந்து வந்தன.

பெட்டி

2003 ஜூனில் கலிபோர்னியாவில் மட்டும் விற்பனை தொடங்கியது. ஒரு வருடம் எடுத்துக்கொண்டு 2004 ஜூனில்தான் நாடு முழுக்கப் போனார்கள். எக்ஸ்ஏ, எக்ஸ்பி என்று இரண்டு கார்கள். எக்ஸ்ஏ ஒரு சாதாரண ஹேட்ச்பேக். பேசப்பட்டது எக்ஸ்பிதான்.

ஜப்பானில் 2000த்திலிருந்தே பிபி என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. பார்த்தால் பிஸ்கட் டின் மாதிரி இருக்கும். முன்னால் நேர்ச்சுவர், பின்னால் நேர்ச்சுவர், மேலே தட்டையான கூரை. நீளம் 3.95 மீட்டருக்குள், நம்மூர்க் கணக்கில் நாலு மீட்டருக்கு உட்பட்ட கார். ஆனால் பின்சீட்டில் நெட்டையான ஆள் கால் நீட்டி உட்காரலாம். வேகம் காட்டும் மீட்டர் ஓட்டுநருக்கு நேராக இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். 1.5 லிட்டர் என்ஜின், 108 குதிரைத்திறன். ஓடுவதற்குப் போதும், பறப்பதற்குப் போதாது. தொடக்க விலை 14,000 டாலருக்குள்.

அந்த விலைக்கு ஏசி, பவர் விண்டோ, ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் உள்ளேயே இருந்தன. ஒரே வகைதான். பேஸ் மாடல், மிட் மாடல், டாப் மாடல் என்ற அடுக்கு இல்லை. நிறத்தையும் கியர் வகையையும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. நம் ஊரில் பாதுகாப்புக் கருவிகளைத் தேடி டாப் மாடல் வரைக்கும் ஏறிப் போய் மூச்சு வாங்கும் இளைஞர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். பணம் குறைவாக இருப்பவனுக்குப் பாதுகாப்பும் குறைவு என்று சொல்லாத காரை 2003லேயே ஒரு கம்பெனி விற்றது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் துணைக்கருவிகள். அலாய் வீல், கூரை ஸ்பாய்லர், வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், கப் வைக்கும் குழியில் நிற விளக்கு என்று ஏறத்தாழ நாற்பது சாமான். ஒவ்வொன்றையும் வாங்குபவர் தன் பாட்டுக்குச் சேர்க்கலாம், விட்டுவிடலாம். டீலர் பொருத்திக் கொடுத்து அதையும் கடனோடு சேர்த்துவிடுவார். கலிபோர்னியாவில் ஜப்பானியச் சின்னக் கார்களை வாங்கி வீட்டு முற்றத்திலேயே மாற்றி அமைக்கும் பழக்கம் இளைஞர்களிடம் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. சயான் அந்தப் பழக்கத்தைக் கடைக்குள் கொண்டு வந்தது. பெட்டி வடிவம் இதற்கு உதவியது. எதுவும் முடிந்துபோகாத முகம் அது, வாங்கியவர் கைபட இடம் இருந்தது.

இதில் புதிதென்று ஒன்றும் இல்லை என்று சொல்வோரும் உண்டு. ஃபோர்டு 1964 ஏப்ரல் 17ல் மஸ்டாங்கை இறக்கியபோதும் இதே வழிதான்: ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளம், 2,368 டாலர் தொடக்க விலை, கூடவே நீண்ட துணைக்கருவிப் பட்டியல். முதல் பன்னிரண்டு மாதத்தில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. உண்மைதான். ஆனால் மஸ்டாங் பேரம் பேசியே விற்கப்பட்டது.

விலைப் பலகை

சயானின் முக்கியமான கண்டுபிடிப்பு கார் இல்லை என்பது என் கருத்து. அது விலைப் பலகை.

"ப்யூர் பிரைஸ்" என்று பெயர் வைத்தார்கள். பலகையில் எழுதிய விலைதான் விலை. காருக்கு மட்டுமல்ல, துணைக்கருவிக்கும் கடன், காப்பீடு சார்ந்தவற்றுக்கும் அப்படியே. பேரம் இல்லை. முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும், பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே தொகை. அமெரிக்காவில் கார் வாங்குவது என்றாலே விற்பவர் எழுந்து உள்ளே போய் மேனேஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதும், வாங்குபவர் கைபிசைந்து காத்திருப்பதும்தான். கோவையிலும் அதேதான், நானே எழுந்து போயிருக்கிறேன். அந்தச் சடங்கில் அனுபவசாலி ஜெயிப்பார். முதல் கார் வாங்குகிறவர் எப்போதும் தோற்பார். தோற்றது அன்றைக்குத் தெரியாது, நண்பன் அதே காரை இருபதாயிரம் குறைவாக வாங்கியதாகச் சொல்லும்போது தெரியும். அந்தக் கம்பெனி மேல் அன்றோடு வெறுப்பு வந்துவிடும்.

அப்போது சயானின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜிம் ஃபார்லி. பின்னாளில் ஃபோர்டுக்குப் போய், 2020 அக்டோபரிலிருந்து அதன் தலைமை நிர்வாகியாக இருப்பவர் அவரேதான். தொலைக்காட்சி விளம்பரத்தை நம்பி இருக்காமல் தெரு நிகழ்ச்சிகள், இசைக் குழுக்கள், ஓவியக் கண்காட்சிகள், இலவச இசைத்தட்டுகள் என்று பணத்தைத் திருப்பிவிட்டார்கள். இதைப் பற்றித்தான் பாடப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் நீட்டப் போவதில்லை. கூட்டத்துக்கு வருகிறவன் ஷோரூமுக்குள்ளும் வர வேண்டும் என்றால் உள்ளே அவனை ஏமாற்றாத ஒரு விலை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2004 நடுவில் டிசி என்ற இரண்டு கதவுக் கார் சேர்ந்தது. 16,000 டாலரை ஒட்டிய விலை, 160 குதிரைத்திறன், எல்லா வண்டியிலும் கண்ணாடிக் கூரை. விற்பனை ஏறியது. 2004ல் 99,000, 2005ல் 1.56 லட்சம், 2006ல் 1,73,034. டிசி வாங்கியவர்களின் சராசரி வயது 29. அந்தத் துறையிலேயே இளைய வாடிக்கையாளர்கள் கொண்ட கார் அதுதான் என்று டொயோட்டா கடைசி வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதில் நியாயம் இருக்கிறது.

பெட்டிக்கு நடந்தது வேறு. எக்ஸ்பியின் இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தது, கதவு அகலமாகத் திறந்தது. முட்டிவலிக்காரர் குனியாமல் ஏறி உட்காரலாம், நாய்க்கும் தள்ளு நாற்காலிக்கும் பின்னால் இடம் உண்டு. பேரன் பார்க்க வந்த வண்டியைத் தாத்தா வாங்கிக்கொண்டு போனார். ஹோண்டா 2002 டிசம்பரில் இறக்கிய எலிமென்டுக்கும் இதே கதைதான். கல்லூரி மாணவர்களையும் கடலலை விளையாட்டுக்காரர்களையும் மனதில் வைத்துச் செய்த வண்டியை அவர்களுடைய பெற்றோர் வயதுக்காரர்கள் ஓட்டினார்கள். இளைஞனின் காரைக் கிழவனுக்கு விற்கலாம், கிழவனின் காரை இளைஞனுக்கு விற்க முடியாது என்று அமெரிக்கக் கார் தொழிலின் ஊரான டெட்ராய்ட்டில் ஒரு பழைய பேச்சு உண்டு. சயானுக்கு அந்தத் தாத்தாக்கள் பாரம் இல்லை. நல்ல கார் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால் பிராண்டின் பிம்பத்தைக் காப்பவர்களுக்கு உறுத்தியது.

150,000 என்ற கோடு

2006ன் கடைசியில், விற்பனை உச்சியில் இருக்கும்போது, அடுத்த வருடம் 1.5 லட்சத்துக்கு மேல் விற்பதில்லை என்று சயான் சொன்னது. எல்லோர் கையிலும் இருந்தால் இளைஞனுக்கு அலுத்துவிடும், அரிதாகவே இருக்கட்டும் என்பது நியாயம். அந்த வருடம் விற்றது 1,30,181. தாங்களே போட்ட கோட்டைக்கூட எட்ட முடியவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வாங்குபவர் ஏன் வருகிறார் என்பதை உள்ளே இருந்தவர்கள் மறந்துவிட்ட நேரம் அது. அவர்கள் அரிய பொருளைத் தேடி வரவில்லை. தங்கள் சம்பளத்துக்குள் அடங்கும் நேர்மையான பொருளைத் தேடி வந்தார்கள்.

அதே 2007ல் இரண்டாவது எக்ஸ்பி வந்தது. நெடுஞ்சாலையில் பழைய வண்டிக்குப் பலம் போதவில்லை, உள்ளே சத்தம் அதிகம் என்ற முறையீடு இருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள். நீளம் ஓரடி கூடியது. எடை ஏறக்குறைய 270 கிலோ கூடியது. என்ஜின் 2.4 லிட்டர் ஆனது, 158 குதிரைத்திறன். கூர்மையான மூலைகளை உருட்டி மழுங்கடித்தார்கள். விலையும் ஏறியது. நகரத்துக்குள் ஒரு கேலனுக்கு 22 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் கூட இல்லை. 2008 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, சிக்கனத்துக்குப் பெயர் வாங்கிய சின்னப் பெட்டி கடையில் இல்லை. பெரிய பெட்டி இருந்தது.

முறையீட்டைக் கேட்டது தவறா என்றால், இல்லை. ஆனால் முறையிட்டவர்கள் ஏற்கெனவே கார் வைத்திருந்தவர்கள். மூன்று வருடம் சம்பளம் உயர்ந்து, கல்யாணம் ஆகி, இன்னும் கொஞ்சம் பெரிய வண்டிக்குத் தயாரானவர்கள். அவர்களுக்கென்று டொயோட்டாவில் வேறு கார்கள் வரிசையாக நின்றன. அப்போதுதான் முதல் சம்பளம் வாங்கத் தொடங்கிய அடுத்த இருபத்திரண்டு வயதுக்காரன் முறையிட மாட்டான், அவன் இன்னும் உள்ளேயே வரவில்லை. சயான் தன் முதல் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து தானும் வயதேறிக்கொண்டது.

இதற்கிடையே தாய்மரத்திலேயே ஒரு கிளை முளைத்தது. எக்கோவுக்குப் பதிலாக 2006ல் யாரிஸ் வந்து, அதே ஷோரூமில், ஏறக்குறைய அதே விலையில், பத்தடி தள்ளி நின்றது.

பொருளாதார வீழ்ச்சி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 2008க்குப் பிறகு வேலை முதலில் போனது இளைஞர்களுக்கு. கடன் வரலாறு இல்லாதவருக்குக் கார் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. 2009ல் 58,000 கார்கூட விற்கவில்லை. 2010ல் 45,678. நான்கு வருடத்தில் கால்பங்குக்கு வந்துவிட்டது. இன்னொரு அடி யென் நாணயத்திலிருந்து வந்தது. சயான் கார்கள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. 2007ல் ஒரு டாலருக்கு 120 யென் அளவில் இருந்தது, 2011ல் 80க்கும் கீழே போனது. அதே 15,000 டாலருக்கு விற்றால் டொயோட்டாவின் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. மலிவான காரில் இந்த அளவு லாபம் கரைந்தால் எந்தக் கம்பெனியும் அதற்குப் புது மாடல் செய்யப் பணம் ஒதுக்காது. 2009ல் இதே பெட்டிப் பாணியில் கியாவின் சோல் அமெரிக்காவுக்கு வந்து, சயான் தொடங்கிவைத்த சந்தையை எடுத்துக்கொண்டது.

அமெரிக்க இளைஞர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1983ல் 19 வயதினரில் 87 சதவீதம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது, 2014ல் 69 சதவீதம் பேரிடம்தான். இளைஞர்களுக்குக் காரே பிடிக்கவில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் அப்போது ஓடியது. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. கல்விக் கடனும் வாடகையும் கட்டிவிட்டு மீதியில் கார் வாங்க முடியாதவனை, ஆசையில்லாதவன் என்று சொல்வது விற்பவனுக்கு வசதியான சமாதானம்.

கடைசி வருடங்கள்

2011ல் மூன்று மீட்டர் நீளமே உள்ள ஐக்யூ வந்தது, ஓடவில்லை. 2012ல் சுபாருவோடு சேர்ந்து செய்த எஃப்ஆர்-எஸ் வந்தது. 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், ஓட்டுவதில் ஆசையுள்ளவர்கள் கொண்டாடிய கார். ஆனால் விலை 25,000 டாலரை ஒட்டி நின்றது. நல்ல கார், தப்பான முகவரி. 2015ல் ஐஏ, ஐஎம் என்று இரண்டு. அதில் ஐஏ, மாஸ்டா மெக்சிகோவில் செய்து கொடுத்த செடான். 16,000 டாலரை ஒட்டிய விலையிலேயே, மெதுவான வேகத்தில் மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் போடும் கருவியோடு வந்தது. 2003ன் யோசனை திரும்பி வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் ஆண்டு விற்பனை 56,167க்கு வந்துவிட்டது.

2016 பிப்ரவரி 3ல் மூடுவதாக அறிவித்தார்கள். டிசி அந்த ஆகஸ்டில் நின்றது. எஃப்ஆர்-எஸ் டொயோட்டா 86 ஆனது, ஐஏ யாரிஸ் ஐஏ ஆனது, ஐஎம் கொரோலா ஐஎம் ஆனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றிருந்தன. வாங்கியவர்களில் 70 சதவீதம் பேர் டொயோட்டாவுக்குப் புதியவர்கள், பாதிப் பேர் 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்று அந்த அறிவிப்பில் சொன்னார்கள். புது ஆட்களை வீட்டுக்குள் கொண்டுவரும் வாசல் என்று பார்த்தால், இந்த எண்கள் தோல்வியின் எண்கள் இல்லை. வாசலை அகலப்படுத்துகிறோம் என்று படியை உயர்த்தியதுதான் நடந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு என் வேலையில் நான் மாற்ற முடிந்தது ஒன்றே ஒன்று. இப்போது வேறொரு இடத்தில் ஒரு சின்ன விற்பனைக் குழுவை நடத்துகிறேன். காரின் விலையையோ மாடலையோ நான் தீர்மானிப்பதில்லை, கொட்டேஷன் தாள் என் கையில் இருக்கிறது. முதல் தாளிலேயே கடைசி ஆன் ரோடு விலை, ஒவ்வொரு வரிக்கும் எதற்கு என்ற விளக்கம், கேட்காத சாமான் எதுவும் கிடையாது, இரண்டாவது தாளும் கிடையாது. மாதக் கணக்கில் வாதாடித்தான் இதற்கு அனுமதி வாங்கினேன். பேரம் பேசியே பழகியவர்களுக்கு இன்றும் இது பிடிப்பதில்லை, சிலர் எழுந்து போகிறார்கள்.

போன மாதம் ஒரு பையன் தனியாக வந்தான். தாளை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. போனில் படம் பிடித்து ஊரிலிருக்கும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அவர் பதில் வரும் வரைக்கும் காபி குடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.